நாப்பத்தஞ்சுல சுத்தின பாட்டு

பல் டாக்டர்கிட்ட வேலை பாக்குறதால அவங்களை எல்லாரும் பல் அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. பகல் முழுக்க எச்சில் உறிஞ்சுற குழாயைப் பிடிச்சுக்கிட்டு, "வாயை நல்லாத் திறங்க... வலிக்கவே வலிக்காது"ன்னு ஒரே ராகத்துல பொய் சொல்லுவாங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, ஒரு கால்ல செருப்போட சாக்ஸபோனைத் தூக்கிடுவாங்க.

அவங்களுக்குக் கத்துக்கொடுத்த வாத்தியார் ஒரு இசைத்தட்டு. வீட்டுல இருந்ததெல்லாம் சின்னத் தட்டு. பெருசு ஒண்ணே ஒண்ணுதான். ஜாஸ். குரலே கிடையாது, வெறும் வாத்தியம். பரீட்சை முடிஞ்ச பசங்க வாசலுக்கு ஓடுற மாதிரி சாக்ஸபோன் துள்ளும். அக்கா அதை மூச்சு விடுற இடம் உட்பட அப்படியே காப்பி அடிச்சு வச்சிருந்தாங்க.

சனிக்கிழமையானா ஊர் ஹால்ல டான்ஸுக்கு வாசிக்கிற குழுவுல சாக்ஸபோன்காரர் கழண்டுக்கிட்டார். அந்த இடத்துல எப்படியாவது உக்காந்துடணும்னு அக்கா பெட்டியைத் தூக்கிட்டுப் போனாங்க. என்ன வாசிக்கப்போறேன்னு சொன்னதும் பியானோ மாஸ்டர் நெஞ்சுல கை வச்சார். "ஐயோ, எனக்கு உயிராச்சே அது! வாம்மா. ஒண்ணு......... ரெண்டு........."

'இந்த மனுஷன் மூணுக்கு வர்றதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும்'னு நினைச்சு அக்கா பாஞ்சுட்டாங்க. அவங்க ஒரு பக்கம், பியானோ ஒரு பக்கம். சந்துக்குள்ள ரெண்டு பஸ் எதிரெதிரா நுழைஞ்ச கதைதான்.

"நிறுத்தும்மா! வேகம் தப்பு, சுருதி தப்பு! அழற பாட்டைப் பிடிச்சு ஆட விட்டிருக்கே!"

மாஸ்டர் போன்ல அதே ரெக்கார்டைப் போட்டார். அதே பாட்டுதான். ஆனா சாக்ஸபோன் கட்டைத் தொனியில, இழுத்து இழுத்து, எல்லாரும் கிளம்பிப் போன வீட்டுல ஒருத்தர் மட்டும் உக்காந்து விசும்புற மாதிரி. அக்கா அங்கயே நின்னு தம்பிக்குப் போன் போட்டாங்க.

"டேய், நம்ம ப்ளேயர்ல வேகம் மாத்துற திருகு என்னடா ஆச்சு?"

"அதுவா... நான்தான் சின்ன வயசுல உடைச்சேன். நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்துலயே சிக்கிக்கிச்சு. இதுக்கு இப்பத்தான் திட்டணுமாக்கா?"

"சின்னத் தட்டுக்குத்தான் நாப்பத்தஞ்சு, பெரிய தட்டு முப்பத்துமூணுல சுத்தணும்டா, தடியா!"

பேஸ் கிட்டார்காரர் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சார். மாஸ்டர் பெருந்தன்மையா, "ஒழுங்காக் கத்துக்கிட்டு அடுத்த வருஷம் வாம்மா"ன்னார்.

அக்கா பெட்டிக்குள்ள சாக்ஸபோனை வச்சாங்க. பூட்டுல வச்ச கை அப்படியே நின்னுச்சு.

"மாஸ்டர், சனிக்கிழமை ஜனங்க இங்க ஆட வர்றாங்களா, அழ வர்றாங்களா?"

"என்னம்மா கேள்வி இது?"

"ஒரே தடவை. என் வேகம், என் சுருதி. இங்க ஒரு கால் கூட ஆடலைன்னா நானே போயிடறேன்."

டிரம்ஸ் பையன் குச்சியைச் சுழட்டினான். "கேட்டுத்தான் பாப்போமே மாஸ்டர். காசா பணமா?"

"சுருதி அஞ்சு படி மேல வேற ஏறணும்"னு முனகிக்கிட்டே மாஸ்டர் பியானோக் கட்டையைத் தேடினார். அக்கா ஊதினாங்க பாருங்க! டிரம்ஸ் ஓடி வந்து ஒட்டிக்கிச்சு. சிரிச்ச பேஸ்காரர் இப்ப வேர்த்து விறுவிறுத்துப் பின்னாடியே ஓடினார். மூலையில தரை துடைச்சுக்கிட்டிருந்த ஆயாம்மா துடைப்பக் கட்டையோட ஒரு சுத்து சுத்தினாங்க. அக்காவோட கண்ணு மட்டும் பியானோவுக்கு அடியிலயே. அங்க மாஸ்டரோட இடது கால் முதலாளியைக் கேக்காமலேயே தட்டிக்கிட்டிருந்துச்சு!

முடிஞ்சதும் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "இது அந்தப் பாட்டே இல்ல."

"தெரியும் மாஸ்டர்."

"சனிக்கிழமை சீக்கிரம் வந்துடு. இதைத்தான் முதல்ல எடுக்கிறோம்."

சனிக்கிழமை மாஸ்டர் எண்ணினதுல ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல இடைவெளியே இல்ல. ஹால்ல உக்காந்திருந்தவன்னு ஒருத்தன் கிடையாது. அக்காவோட பல் டாக்டர் முன் வரிசையில ஆடிக்கிட்டிருந்தார், யாரும் சொல்லாமலே வாயை நல்லாத் திறந்துக்கிட்டு.

மறுநாள் காலையில தம்பி ஸ்க்ரூ டிரைவரோட ப்ளேயர் பக்கத்துல உக்காந்தான். "பாவம்க்கா நீ. திருகைச் சரி பண்ணிடறேன்."

"கை வச்சே... அப்புறம் வாயில ஒரு பல்லு இருக்காது!"