வெட்டுப்புள்ளிக்கு இந்தப் பக்கம்

உயர்தரத்தில் உயிரியல் எடுத்த பிள்ளையிடம் ஊர் ஒரேயொரு கேள்விதான் கேட்கும்: "எப்ப புள்ள டொக்டராகப் போறாய்?" பதில் தெரியாமல் தலையைக் குனிந்து சைக்கிளை மிதித்தவரா நீங்களும்? அப்படியென்றால் நாம் ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்தவர்கள்.

இரசாயனவியல் நாள்

முதல் தடவை. பரீட்சையன்று விடிந்தபோது வவுணதீவு வீதியில் முழங்காலுக்கு மேல் வெள்ளம். என்னையும் என் தோழி தர்சினியையும் அப்பா உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அனுமதி அட்டைகளைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தோம். நகரத்துப் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது வினாத்தாள் கொடுத்துக் கால்மணி நேரமாகியிருந்தது. மண்டபத்துக்குப் பொறுப்பான ரீச்சர் திட்டப்போகிறா என்றுதான் நினைத்தேன். அவ தன் கைலேஞ்சியை நீட்டினா.

"முதல்ல கையத் துடையுங்க புள்ளயள். பேப்பர் நனைஞ்சா ஒருத்தராலயும் திருத்த ஏலாது."

சாத்திய கதவு

பெறுபேறு வந்தது, பிறகு பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியும் வந்தது. தர்சினிக்கு மருத்துவபீடம், நான் மயிரிழையில் கீழே. அன்று பின்னேரமே அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன். அவள்மேல் கோபமில்லை. முகத்தைப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டிவரும். அதற்கு எனக்குத் தெம்பிருக்கவில்லை. நான் நித்திரை என்று அம்மா பொய் சொன்னா. மேசையில் கொப்பிகள் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு எனக்குக் கேட்கட்டும் என்றே அவள் உரத்துச் சொன்னாள்:

"மாமி, அவ நித்திரை இல்ல எண்டு எனக்குத் தெரியும். என்ர நோட்ஸ் முழுக்க இதில இருக்கு. அவ கதவத் திறக்கிற நேரம் இதக் குடுங்க."

மூன்றாம் தடவை

இரண்டாம் தடவையும் மருத்துவபீடம் தவறியது. மூன்றாம் தடவை, உயிரியல் வினாத்தாள். சிறுநீரகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரையக்கூடியவள் நான். அன்று பேனை அசையவில்லை. கடைசிப் பக்கங்களை வெறுமையாகவே கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். மதிலோரம் அப்பா நின்றார். "எழுதல்லப்பா," என்றேன். வயல்வேலையில் வெடித்துப்போன கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டொக்டர் மகள் எண்டு வயல் வட்டையெல்லாம் சொல்லித் திரிஞ்சது நான்தான். உனக்கு என்ன விருப்பம் எண்டு ஒருநாளும் கேக்கல்ல. அது என்ர பிழை, மகள்."

வந்தாறுமூலை

இரண்டாம் தடவைப் பெறுபேற்றை வைத்து வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானபீடம் கிடைத்தது. தமிழில் படித்த இரசாயனவியலை ஆங்கிலத்தில் மறுபடி தொடக்கத்திலிருந்து படித்தேன். முதல் அரையாண்டில் இரண்டு பாடம் கோட்டை விட்டேன். திரும்ப எழுதித் தேறினேன். இப்போது அதே பீடத்தின் ஆய்வுகூடத்தில் புதுமுக மாணவர்களுக்குச் செய்முறை காட்டுகிறேன். போன மாதம் தேற்றாத்தீவுப் பிள்ளை ஒருத்தி, கண் சிவந்திருந்தவள், எல்லாரும் போகும்வரை சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டு நின்றாள். "அக்கா, நீங்களும் மெடிசின் கிடைக்காமத்தானே இஞ்ச வந்தீங்க?" என்றாள். ஓம் என்றேன். தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"அப்ப எத்தின நாளில அக்கா அழுகை நிண்டது?"

மூன்று தடவை எழுதி நான் உருப்படியாகப் படித்தது ஒன்றுதான்: பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வரவும் ஒரு தடவை போதாது.