சுவரோரம் உட்கார்ந்த ப்ரொஜெக்டர்

உலமிலா கூட்ட அறைத் தரையில் மண்டியிட்டு அளவு நாடாவை இழுத்தாள். திரைச் சுவரிலிருந்து மூன்று மீட்டர். சாக்கட்டியால் கோடு போட்டாள். கூட்டங்களில் எல்லோரும் பருகும் கவா வேர்ப் பானத்தைக் கரைக்கும் மரத்தொட்டி வைக்கிற இடத்தில் சரியாக விழுந்தது கோடு.

"பாத்தீங்களாண்ணே, நீங்க சொல்ற ப்ரொஜெக்டர் இங்கதான் உக்காரணும்."

அபெனிசா மாகாண அலுவலகத்துக்கு இருபது வருடமாகப் பொருள் வாங்குகிறவர். அவர் ஊருக்கும் இவள் ஊருக்கும் கேலி பேசும் முறை உண்டு. அதை அவர் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

"தலைநகரம் சூவாவுல பட்டம் வாங்கிட்டு வந்து, பாதி வெளிச்சத்த அதே விலைக்கு வாங்கச் சொல்றியே! உங்க ஊர்க்காரங்களுக்கு இருட்டுதான் பழக்கமோ?"

"வெளிச்சம் கம்மிதான். ஆனா நான் சொல்றது சுவத்துலேருந்து ஒரு முழத்துல உக்காந்தே படம் காட்டும். உங்க மெஷின்தான் வேணும்னா தொட்டிய வெளிய தூக்குங்க. தலைவர் ராத்து எப்பெலிகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

போன கூட்டத்துக்கு வாடகை ப்ரொஜெக்டரை நடுவில் மேசை போட்டு வைத்ததே அபெனிசாதான். கவா ஏந்திப் போனவரின் நிழல் இரண்டு ஊர்களின் மீன்பிடிக் கடல் எல்லைப் படத்தை மறைத்துக்கொண்டே இருந்தது. மூத்த தலைவரான ராத்து எப்பெலி, "அத அணைங்கப்பா" என்றார். எல்லை முடிவாகவில்லை. அடுத்த கூட்டமும் சொதப்பினால் உலமிலாவின் ஆறு மாதத் தற்காலிக வேலை நிரந்தரமாகாது.

அவள் அப்பா தேங்காய்ப் பருப்பு உலர்த்துகிறவர். ப்ரொஜெக்டர் என்றால் வெளிச்சத்தைப் பார் என்று படிப்பு சொன்னது. தலைவருக்கும் தொட்டிக்கும் நடுவே எதுவும் நுழையக்கூடாது என்பது அந்த வீட்டில் நடை பழகும்போதே வந்தது. மெஷின் கேட்டு எழுதும் அலுவலகக் கடிதத்தில் அதை ஒரு காரணமாக எழுதலாமா? படித்தவள் எழுதியது மாதிரி இருக்குமா? இரண்டு நாள் குழம்பிவிட்டு, முதல் வரியிலேயே எழுதினாள். மேலிடம் ஒப்புக்கொண்டது.

கூட்டத்தன்று காலை பத்து மணிக்கே வெயில் கொளுத்தியது. கிழக்கு ஜன்னல்களில் பாய்களைத் தொங்கவிட்டிருந்தாள். சுவரோரம் சம்மணமிட்டு உட்கார்ந்தபடியே பொத்தானை அழுத்தினாள். படம் கொஞ்சம் வெளுத்துத்தான் இருந்தது.

ராத்து கண்ணைச் சுருக்கினார். கவா ஏந்தியவர் குனிந்து கடந்தார். படத்தில் நிழல் இல்லை.

"அந்தப் பாறை தப்பு," என்றார் ராத்து. "எங்க மாமன் வலை போட்ட எடம். இன்னும் கிழக்கால."

"உங்க மாமன் வலைய எங்க பக்கம்தானே போட்டாரு, ராத்து!" என்றார் எதிர்வரிசைத் தலைவர்.

அறையே அதிரச் சிரித்தது. உலமிலா எழுந்திருக்காமலே மடிக்கணினியில் எல்லைக் கோட்டை நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம் என்றார்கள், நகர்த்தினாள். போதும் என்றார்கள். மதியத்துக்குள் எல்லை முடிவாகிவிட்டது. முடிவை ஏற்கும் மரபுப்படி, குழித்த கைகளின் தட்டல் கூரைவரை எழுந்தது.

ராத்து திரும்பினார். "அபெனிசா, எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் இதே மாதிரி ஒண்ணு எழுதிக்கோ. என்னன்னு எழுதத் தெரியலேன்னா அந்தப் பொண்ணக் கேளு."

அபெனிசா பேனாவோடு குனிந்தபடியே சுவரோரம் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லு தாயே, மெல்லச் சொல்லு."

"எழுதுங்க. இருட்டு ஊர்க்காரி சொன்ன மெஷின்," என்றாள் உலமிலா.