டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த அம்மா

என் அம்மா லோங்கினா காதால் கேட்பதைவிடக் கண்ணால் கேட்பதுதான் அதிகம். போலந்தின் வூச் நகரத்து நெசவாலையில் பதினெட்டு வருடம் தறி ஓட்டியவள். நானூறு தறிகள் ஒன்றாக இரையும் கூடத்தில் பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே பெண்கள் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் வீடு வரை வந்தது. அம்மாவும், முற்றத்துக்கு எதிர்ப்புறம் குடியிருந்த ஸ்வாவாவும் மூடிய ஜன்னல்களுக்குப் பின்னால் நின்றபடியே குளிர்காலம் முழுக்க வம்பு பேசுவார்கள். பார்த்துப் பார்த்து நானும் அதைக் கற்றுக்கொண்டேன். டிராமில் நான்கு இருக்கை தள்ளி நடக்கும் புருஷன் பெண்டாட்டி சண்டையை அம்மா எனக்கு வரி விடாமல் சொல்வாள்.

"காது போச்சுன்னு யாருடி சொன்னது? இந்த ஊர் ரகசியத்துல பாதி எங்கிட்டதான் இருக்கு" என்பாள்.

தொண்ணூற்றிரண்டில் ஆலையை மூடினார்கள். அதன்பிறகு ஆஸ்பத்திரியில் தரை துடைத்து என்னை வரலாறு படிக்கவைத்தாள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. ஆலையின் செங்கல் கட்டடங்கள் கடைகளாகவும் ஹோட்டலாகவும் மாறின. ஒரு கூடத்தை மட்டும் சுற்றுலாப் பயணிகளுக்காகக் காட்சிக்கூடமாக்கினார்கள். அங்கே வழிகாட்டியாக என்னை ஒரு மாதம் சோதனைக்கு எடுத்தார்கள். கடைசி நாள் மேலாளர் ரோலண்ட் கூடவே வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வார்.

"அன்னிக்கு மட்டும் வராதேம்மா" என்று கேட்டுக்கொண்டேன். அம்மாவுக்கு அடங்கிய குரலில் பேச வராது.

"ஏன், நான் என்ன கடிச்சிருவேனா?"

வந்துவிட்டாள். ஈஸ்டருக்கு மட்டும் எடுக்கும் நீலக் கோட்டு, கையில் டிக்கெட். முன்வாசல் வழியாக வந்தாள். வேலை செய்த காலத்தில் அவளுக்குப் பக்கவாட்டுக் கதவுதான். காவலாளி பையைத் துழாவிவிட்டுத்தான் வெளியே விடுவான்.

"அடேயப்பா, முன்பக்கம் தரையெல்லாம் இவ்வளவு வழவழன்னா வெச்சிருந்தானுங்க!" என்றாள். மாடி வரை எதிரொலித்தது. க்ராகோவிலிருந்து வந்திருந்த தம்பதி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

ரோலண்ட் என்னை ஓரமாக அழைத்தார். "யாரு அந்தம்மா? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா கிங்கா?"

"இல்ல சார். யாரோ ரிட்டயர் ஆனவங்க போல. நான் பாத்துக்குறேன்."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் இருபதடி தள்ளி, பஞ்சுமூட்டைப் படத்தின் முன்னால் நின்ற அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவிடம் பொய் சொல்வதானால் முதுகைக் காட்டிச் சொல்ல வேண்டும் என்று ஐந்து வயதிலேயே கற்றவள் நான். அது எப்படி மறந்தது?

அதற்குப்பின் அம்மா வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தின் கடைசியில் நடந்துவந்தாள். நான் தேதிகளையும் எண்ணிக்கைகளையும் பிசகாமல் ஒப்பித்தேன். அவள் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எந்த வேலைக்காக அவளைத் தெரியாது என்றேன்? அவள் இங்கே நின்று உழைத்த வருடங்களை ஊராருக்குச் சொல்லும் வேலைக்காக.

தறிக்கூடத்துக்கு வந்தோம். பயணிகளுக்காக ஒரே ஒரு தறியைச் சில நிமிடம் ஓட்டுவார்கள். தறியைக் கவனித்துக்கொள்ளும் எடெக் விசையை அழுத்தினார். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள், அம்மாவைத் தவிர. அவள் என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள்.

'காலர் மடிஞ்சிருக்கு. சரி பண்ணு.'

சரிசெய்தேன். நானும் சத்தமில்லாமல் சொன்னேன்: 'தப்பு பண்ணிட்டேம்மா.'

'அதை வீட்டுல பேசிக்கலாம். இடது ஓரத்துல நூல் அறுந்துருக்கு. நிறுத்தச் சொல்லு.'

கையை உயர்த்தினேன். எடெக் தறியை நிறுத்திக் குனிந்து பார்த்தார். "அட, ஆமா! எனக்கே தெரியல. எப்படி கிங்கா கண்டுபிடிச்சே?"

"பரவால்லையே, நல்ல கண்ணு உங்களுக்கு" என்றார் ரோலண்ட், குறிப்பேட்டைத் திறந்தபடி.

சும்மா இருந்திருந்தால் போதும், வேலை எனக்குத்தான்.

"நான் பாக்கல சார்" என்றேன். "அதோ நிக்கிறாங்களே, அவங்க பாத்தாங்க. அவங்க என்னோட அம்மா. இதே கூடத்துல தறி ஓட்டினவங்க. நீங்க கேட்டப்போ நான் பொய் சொல்லிட்டேன்."

ரோலண்டின் பேனா நின்றது. க்ராகோ தம்பதி ஒதுங்கி அம்மாவுக்கு வழிவிட்டார்கள். அவள் முன்னால் வந்து நின்றாள்.

"இந்தத் தறியப் பத்தி நீயே சொல்லேம்மா" என்றேன்.

"நானா? நான் டிக்கெட் வாங்கிட்டு வந்தவடி" என்றாள், கூடமே அதிரும்படி. "நீ சொல்லு, நான் கேக்குறேன். தப்பா சொன்னா காசத் திருப்பி வாங்கிருவேன்."

எல்லோரும் சிரித்தார்கள், எடெக் உட்பட. ரோலண்ட் சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. அம்மாவுக்கு நேராகத் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.