ஷவரில் கட்டிய வினிகர் பை

செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரூம் கிளீனிங் வேலை பார்த்தேன். எங்கள் போர் தண்ணீர் சரியான உப்பு. குழாயெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். முதலாளிக்குத் தெரிந்த ஒரே மருந்து ஆசிட். "ஊத்தித் தேய்ச்சா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்பார். மூக்கு எரிவது எனக்குத்தானே, அவருக்கென்ன.

மாடி ரூமுக்குக் கும்பகோணத்திலிருந்து ஒரு வயதான தம்பதி மாத வாடகைக்கு வந்தார்கள். சாருக்கு நுரையீரல் கெட்டிருந்தது. பக்கத்து ரூமில் ஆசிட் ஊற்றினாலே மூச்சு முட்டி உட்கார்ந்துவிடுவார். அதனால் அவர்கள் பாத்ரூமுக்குச் சமையல் சாமான்தான். குழாய்க்குப் புளிக்கரைசல், டைல்ஸுக்கு எலுமிச்சம்பழமும் ஆப்ப சோடாவும். பொறுமையாக ஊற விட வேண்டும், அவ்வளவுதான்.

வந்த வாரமே ஒரு சாயங்காலம் சார் கூப்பிட்டார். "ஷவர்ல நூல் நூலா வருதும்மா. காவிரியில முங்கிக் குளிச்ச உடம்பு இது. ஒரு தடவையாவது தலைமேல கொட்டற மாதிரி குளிக்கணும்."

"சொம்புல ஊத்திக்கிறதுக்கே மூச்சு வாங்குது, ஆசையப் பாரு" என்று அவர் மனைவி, அந்த அம்மா சிரித்தார்.

எனக்குப் பாவமாக இருந்தது. பிளாஸ்டிக் பையில் வினிகரை ஊற்றி, ஷவர் முழுகும்படி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். "ராத்திரி பூரா ஊறட்டும் சார். காலைல நானே வந்து அவுக்கிறேன்."

"ஆசிட்னா உடனே ஆயிடுமா?"

"ஆயிடும். உங்களுக்கு ஆவாதே சார்."

"சரி, காலைலயே குளிச்சுக்கறேன்" என்றார்.

காலையில் போனபோது ரூம் பூட்டியிருந்தது. விடியும் முன்பே சாருக்கு மூச்சுத் திணற, ஆம்புலன்ஸில் வேலூருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஆபீஸ் சாவியால் திறந்து பையை அவிழ்த்தேன். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததும் எல்லா ஓட்டையும் திறந்துகொண்டது. வந்ததும் குளிப்பார் என்று துண்டு மடித்து வைத்தேன்.

அவர் வரவில்லை. தகனமும் அங்கேயே முடிந்து, மறுநாள் அம்மா மட்டும் மகனோடு வந்தார். தலை முழுகாமல் எதையும் தொடக்கூடாது என்று படிக்கட்டிலேயே நின்றார்.

முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டு, "தீட்டோட உள்ள விடாத. பௌர்ணமி கிரிவலத்துக்கு ஆளுங்க வராங்க. வெளிக் குழாய்ல குளிக்கச் சொல்லு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "அது அவங்க இருக்கற ரூமு. அங்கதான் குளிப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

அம்மா புடவையோடு ஷவருக்கு அடியில் நின்றார். நான்தான் குழாயைத் திருப்பினேன். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. "இத அவரு பாக்கலியே" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். உப்புக்கு வினிகர் போதும், ஒரு ராத்திரி ஊறினால் சரியாகிவிடும். ஆனால் ரூம் காலியாக இருக்கும்போதே கட்டிவிடுங்கள், ஆள் வந்து கேட்கட்டும் என்று இருக்காதீர்கள். சாருக்கு அந்த ஒரு ராத்திரி வாய்க்கவில்லை.