பிரிக்காத பெட்டி

மகளின் பிறந்தநாள் பரிசைச் சுற்றியிருந்த கண்ணாடித்தாள் இன்று என் விரல்களுக்குள் சரசரத்துப் புது பிளாஸ்டிக் வாசனை எழுந்ததும், புதுச்சேரி சாரத்தில் எங்கள் தெருமுனையில் இருந்த, இப்போது செல்போன் கடையாகிவிட்ட, சிடி வாடகைக் கடைக்குள் போய் நின்றேன். அங்கே கண்ணாடி அலமாரியில், முகமூடி போட்டுப் பறக்கும் சூப்பர் ஹீரோவின் படங்கள் மொத்தமும் அடங்கிய டிவிடி பெட்டி ஒன்று பிரிக்கப்படாமலே இருக்கும். கடைக்கார மாமாவுக்கு, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த அவர் மகன் அனுப்பியது. பிள்ளைகள் நாங்கள் கேட்கும்போதெல்லாம், "லீவுல அவன் வந்துதான் பிரிக்கணும் பாப்பா" என்பார்.

அந்த மழைக்காலத்தில் கடை டிவியில் படங்கள் நின்றுபோய், சத்தத்தை அடக்கிய பிரெஞ்சுப் போர்ச் செய்திகள் மட்டுமே ஓடின. மேசைமேல் போன் அடித்தால் சிடி துடைக்கும் அவர் கை அப்படியே நின்றுவிடும்.

ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தேன். மின்விசிறிக் காற்றில் கண்ணாடித்தாள் தரையில் சரசரத்துக்கொண்டிருந்தது.

"அண்ணன் வந்துட்டாரா மாமா?" என்று துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அவர் பெட்டியை என் கையில் வைத்தார்.

"நீயே எடுத்துட்டுப் போ பாப்பா. திருப்பித் தர வாணாம்."