ஆர்டித் படகில் ஏறிய நாள்

எங்கள் ஏரியில் இன்றைக்கு எந்த இரைக்கு மீன் கடிக்கும் என்று தெரியவேண்டுமானால் ஆர்டித் ப்ரூயிட்டிடம் கேட்கவேண்டும். கென்டக்கியின் மேற்குக் கோடியில், படகுத்துறைக்கு எதிரே உள்ள தூண்டில் கடையில் இருபத்தெட்டு வருடமாக நிற்கிறாள். என்னோடு பள்ளியில் படித்தவள். எதை வாங்கலாம் என்று நாம் கேட்டால் அவள் நம்மைத் திருப்பிக் கேட்பாள். நேற்று மழை எந்தப் பக்கம், தண்ணீர் எவ்வளவு கலங்கல், காற்று எங்கிருந்து, மீனுக்கா போகிறாய் அல்லது பெண்டாட்டியிடமிருந்து தப்பிக்கவா. அதற்குப் பிறகுதான் சுவரில் தொங்கும் பொய் இரைகளில் ஒன்றை எடுத்து மேஜையில் வைப்பாள். கலங்கல் தண்ணீரில் பெரிய பாஸ் மீனுக்குக் கறுப்பும் நீலமும். கிராப்பி, புளூகில் போன்ற சின்ன மீன்களுக்குக் கட்டைவிரல் நகம் அளவு ஈயத்தலையும் மயிர்க்குச்சமும். முக்கால்வாசி நாள் அவள் சொன்னது பலிக்கும்.

ஆனால் அவள் படகில் ஏறி யாரும் பார்த்ததில்லை. கேட்டால் இடுப்பு வலி என்பாள். நாங்களும் நம்பினோம்.

மார்ச் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, மூன்று மணி சுமாருக்குக் காபி குடிக்கக் கடைக்குள் நுழைந்தேன். ஆர்டித் தொலைபேசியைக் காதில் வைத்தபடி சுவரோடு சாய்ந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இல்ல கார்லிஸ், அணைப் பக்கம் போகலம்மா. நான் சொல்றதக் கேளு... அவர் உங்கிட்ட அப்படித்தான் சொல்லியிருப்பாரு. ஆனா போகல."

தொலைபேசியை வைத்தாள்.

"மிஸ்டர் ஹாலிஸக் காணோம், டெல். மத்தியானச் சாப்பாட்டுக்கு வர்றேன்னு மக கார்லிஸ்கிட்ட சொல்லிட்டுப் போனாராம். போன் எடுக்கல. வண்டி துறையிலயே நிக்குது."

ஹாலிஸ் க்ராப்ட்ரீக்கு எழுபத்து நாலு வயது. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அணைக்குப் பக்கத்துப் பாறைமுனையில் பெரிய பாஸ் பிடிக்கப்போவதாக மகளிடம் சொல்லியிருந்தார். ஷெரீப் ஆட்களின் இரண்டு படகுகளும் அங்கேதான் தேடிக்கொண்டிருந்தன.

"நீ எப்படி அங்க இல்லங்கிற?" என்றேன்.

"காலையில ஆழத்துக்குப் போற பெரிய இரையைத்தான் கையில எடுத்தாரு. நான்தான் வேண்டாம்னேன். மதியத்துக்கு மேல வடகாத்து வரும், பாறைமுனையில நிக்க முடியாது, எதிர்க்கரையில மொட்டைமர ஓடை காத்துக்கு மறைவு, தண்ணியும் வெயில்ல சூடாயிருக்கும், கிராப்பி மேல வந்திருக்கும்னு சொன்னேன். ஆறு பச்சைமஞ்சக் குச்சம், மெல்லிசு தங்கூஸு நூலு, ஒரு தக்கை. அதத்தான் வாங்கினாரு. அந்தச் சாமானை வச்சிக்கிட்டுப் பாறைமுனையில ஒண்ணும் பண்ண முடியாது." அவள் குரல் உடைந்தது. "நான்தான் அனுப்பினேன்."

ஷெரீப் அலுவலகத்துக்கும் சொல்லிவிட்டிருந்தாள். படகு அங்கிருந்து திரும்பி வர ஒரு மணி நேரமாகும் என்றார்களாம்.

என் தட்டை அலுமினியப் படகு வண்டிக்குப் பின்னால்தான் இருந்தது. ஆனால் மொட்டைமர ஓடையில் தனியாகப் போனால் தொலைந்தோம். அணை கட்டியபோது வெட்டாமல் விட்ட மரங்கள், சில மேலே தெரிய, பல தண்ணீருக்கு அரையடி கீழே நிற்கின்றன. முன்னால் ஒருவர் உட்கார்ந்து கட்டை பார்த்துச் சொல்லவேண்டும். துறையில் அந்தக் காற்றில் ஒரு ஈ காக்கை இல்லை.

"ஆர்டித், நீதான் வரணும்."

அவள் விற்பனைக்குத் தொங்கிய மிதவைச் சட்டை ஒன்றை எடுத்து, விலைச்சீட்டோடு மாட்டினாள். இன்னொன்றை எடுத்து அதற்கு மேலேயும் மாட்டப் பார்த்தாள். நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

படகில் கால் வைத்ததும் அது ஆடியது. அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, நாய்க்குட்டியை மிதித்தால் வருமே அப்படி. பலகையில் உட்காரவில்லை. படகின் அடியில், தேங்கிய தண்ணீரிலேயே உட்கார்ந்து இரண்டு பக்க விளிம்பையும் பிடித்துக்கொண்டாள்.

நடு ஏரியில் அலை இரண்டடி உயரம் எழுந்து நுரைத்தது. ஒவ்வொரு அலைக்கும் முன்பக்கம் தூக்கி, பொத்தென்று விழுந்தது. தண்ணீர் முகத்தில் அறைந்தது. ஒரு தடவை படகு பக்கவாட்டில் சாய்ந்தபோது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"டெல், ஏதாச்சும் பேசு!" என்று கத்தினாள்.

"என்னத்தப் பேச?"

"அப்ப நான் பேசறேன். எனக்குப் பதினாறு வயசு. அப்பாவோட படகு கவுந்துது. நான் அடியில மாட்டிக்கிட்டேன். தலைக்கு மேல இத்தனூண்டு காத்து. வெளிய அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறது கேக்குது. எனக்கு வாய் வரல. பதில் சொல்ல முடியல. சரியா? இடுப்பு வலி கிடையாது. இப்ப நேராப் பாத்து ஓட்டு!"

ஓடைக்குள் நுழைந்ததும் காற்று சட்டென்று நின்றது. அந்த அமைதி அலையைவிட மோசமாக இருந்தது. எந்திரத்தை நிறுத்தித் துடுப்பை எடுத்தேன். சாம்பல் நிற மரங்கள் தலையில்லாமல் நின்றன. ஆர்டித் மண்டியிட்டு முன்னுக்கு ஊர்ந்தாள். அவள் தண்ணீரைப் பார்த்தே ஆகவேண்டும்.

"இடது பக்கம் கட்டை... இன்னும் இடது. நிறுத்து. நிறுத்து!"

வளைவில் ஹாலிஸின் படகு கிடந்தது. ஆளில்லை. தெர்மாஸ் குடுவை பலகையில் நிமிர்ந்து நின்றது. தூண்டில் கம்பு ஒன்று பாதி தண்ணீரில் தொங்கியது.

"மிஸ்டர் ஹாலிஸ்!" நான் கத்தினேன். மரங்களுக்குள் என் குரல்தான் திரும்பி வந்தது. ஆர்டித் கத்தவில்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தாளாம். பிறகு சொன்னாள்.

கம்பிலிருந்து தங்கூஸ் விறைப்பாக எங்கோ போயிற்று. அவள் கண்ணாலேயே அதைத் தொடர்ந்தாள். இருபதடி தள்ளி, தாழ்ந்த ஒரு கிளையில் பச்சைமஞ்சள் குச்சம் சிக்கியிருந்தது. அதை விடுவிக்க எட்டியபோது விழுந்திருக்கிறார். அவர் பிடியில்லாத படகு மெல்ல நகர்ந்து போய்விட்டது.

கிளைக்குப் பின்னால் ஒரு மரக்கட்டையைக் கட்டிப்பிடித்தபடி அவர் இருந்தார். இடுப்புக்குக் கீழே தண்ணீர். உதடு நீலம். கண் திறந்திருந்தது, எங்களைப் பார்க்கவில்லை.

"செத்துட்டாரா?" என்றாள்.

"தெரியல."

அவரைத் தூக்கிப் படகில் போட முடியாது. நல்ல கனத்த உடம்பு. இழுத்தால் மூன்று பேரும் தண்ணீருக்குள். கயிற்றை அவர் அக்குளுக்கடியில் கொடுத்துப் படகில் கட்டினேன். கரை முப்பதடிதான். ஆனால் யாராவது அவர் முகம் முங்காமல் பிடிக்கவேண்டும், நான் துடுப்புப் போடவேண்டும்.

ஆர்டித் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தோள் வரை கையைத் தண்ணீரில் விட்டு அவர் சட்டைக் காலரைப் பிடித்தாள். படகு அவள் பக்கம் சாய்ந்தது. ஆனால் பிடியை விடவில்லை.

"மிஸ்டர் ஹாலிஸ், நான் ஆர்டித். கேக்குதா? கேக்குதுன்னா ஏதாச்சும் சொல்லுங்க. எதுவானாலும் சரி. சொல்லுங்க, தயவுசெஞ்சு."

பாதி தூரத்தில் அவர் வாய் அசைந்தது.

"மீன் கடி... நல்லாத்தான்... இருந்துது."

அவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

கரையில் அவர் ஈர உடுப்பைக் கழற்றி என் கோட்டைச் சுற்றினோம். ஆர்டித் அவர்மேல் படுத்தே சூடு கொடுத்தாள். ஷெரீப் படகு வர இன்னும் நாற்பது நிமிடமாயிற்று. அதுவரை அவர் நெஞ்சில் காதை வைத்து, அடிக்குதா, அடிக்குதா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கெப்படித் தெரியும்.

ஹாலிஸ் ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார். ஆர்டித் என்னோடு படகில் திரும்பவில்லை. ஷெரீப் ஆட்கள் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், காட்டுக்குள் இரண்டு மைல் நடந்து சாலையைப் பிடித்தாள்.

அடுத்த வாரம் கார்லிஸ் கடைக்கு வந்தாள். நானும் இருந்தேன்.

"அங்க அனுப்பினதே நீங்கதானே, மிஸ் ஆர்டித்?"

"ஆமாம்மா."

"பாறைமுனைக்குப் போயிருந்தா அந்தக் காத்துல என்ன ஆயிருப்பாருன்னு யோசிச்சேன். அப்புறம் உங்களத் திட்டணும்னு யோசிச்சேன். எதுன்னு எனக்கே தெரியல." மேஜையில் வீட்டில் சுட்ட பீக்கன் கொட்டைப் பலகாரம் ஒன்றை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆர்டித்தின் பயம் போயிற்று என்று நான் சொன்னால் பொய். இன்னும் கூடிவிட்டது. முன்பு அவள் தனக்கு மட்டும் பயந்தாள். இப்போது கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் பயப்படுகிறாள். எங்கே போகிறாய், வீட்டில் அதே இடத்தைச் சொன்னாயா, மிதவைச் சட்டை எங்கே என்று கேட்காமல் ஒரு தூண்டில் முள்கூடத் தருவதில்லை. சிலர் எரிச்சலில் பக்கத்து ஊர்க் கடைக்குப் போகிறார்கள்.

"உனக்குப் பைத்தியம்னு பேசிக்கிறாங்க," என்றேன் ஒரு நாள்.

"பேசட்டும்," என்றாள். அவள் கண் என்மேல் இல்லை. ஜன்னலுக்கு வெளியே, துறையில் இன்னும் எடுக்காமல் நின்ற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.