ராக்காயியைத் தேடி வந்த காக்கிச் சட்டை

எம். புதுப்பட்டி ராக்காயி தன் மகன் செத்துப்போனான் என்று சொன்னது 1963-ஆம் வருடம் ஆவணி மாதத்தில். ஆதரவற்ற வயசாளிகளுக்கு அரசாங்கம் மாதம் இருபது ரூபாய் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, கிராம முன்சீப் கனகசபாபதி வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் மனுவை எழுதிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"புருசன் இல்ல, சரி. மகன்?"

"இருந்தான்யா."

"இருந்தான்னா என்ன அர்த்தம்? சம்பாதிக்கிற மகன் இருந்தா இந்தப் பணம் கெடையாது. தெளிவாச் சொல்லு."

ராக்காயி "செத்துப் போயிட்டான்யா" என்றாள். அவர் எழுதிக்கொண்டார்.

மகன் பெயர் கருத்தப்பாண்டி. கிணறு வெட்டிப் பிழைத்த அவன் அப்பா காய்ச்சலில் இறந்தபோது அவனுக்குப் பதினேழு வயது. பட்டாசுக் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டவள் ராக்காயிதான். ரெண்டு வருடம் கழித்து, அவன் இருந்த அறைக்குப் பக்கத்து அறை வெடித்து ரெண்டு பேர் கருகினார்கள். மறுநாள் காலையில் அவன் பாயை விட்டு எழவில்லை. "நான் போகலத்தா" என்றான். வீட்டில் ஒரு படி கம்புகூட இல்லை. "எந்திரிலே. நீ போகாட்டி அடுப்பு எப்படி எரியும்?" என்று தோளைப் பிடித்து வெளியே தள்ளினாள். போனவன் கம்பெனிக்குப் போகவில்லை. சிவகாசியில் ரயிலேறினான், பம்பாய்க்குப் போய்விட்டான் என்று சொன்னார்கள். பத்து வருடமாக ஒரு கடுதாசி இல்லை.

பணம் வர ஆரம்பித்தது. ஒவ்வொரு மாதமும் ஆறாம் தேதியோ ஏழாம் தேதியோ தபால்காரர் கண்ணுச்சாமி சைக்கிளில் வருவார். வரும்போதே தெருமுனை டீக்கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு வருவார். அந்தக் கடைக்காரர் எதற்கு வருகிறார் என்று ராக்காயி கேட்டதில்லை. பெருவிரலில் மை தடவும்போதெல்லாம் அவளுக்கு, மகனைப் பற்றி இன்றைக்குக் கேட்டுவிடுவாரோ, இன்றைக்குத் தெரிந்திருக்குமோ என்று இருக்கும். முன்பெல்லாம் பம்பாயிலிருந்து யார் ஊருக்கு வந்தாலும் ஓடிப்போய் மகனைப் பற்றி விசாரிப்பாள். பணம் வந்த பிறகு அதையும் நிறுத்திவிட்டாள். செத்தவனை எப்படி விசாரிப்பது?

மறு வருடம் தீபாவளி நவம்பர் மாதத் துவக்கத்திலேயே வந்துவிட்டது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, பருத்திக் காட்டில் களையெடுத்துவிட்டு ராக்காயி வீடு திரும்பினாள். பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"மதினி, உங்களத் தேடி ஒரு ஆளு வந்தாரு. காக்கிச் சட்டை. இந்தப் பக்கம் பார்த்ததே இல்ல. தோள்ல பை, பை நெறையக் காகிதம்."

"என்ன கேட்டாரு?"

"ராக்காயி வீடு இதானான்னாரு. ஆமான்னேன். வீட்ல கூட யாரும் இருக்காகளான்னு கேட்டாரு. யாருமில்லன்னேன். நாளைக்கு வாரேன், வீட்ல இருக்கச் சொல்லுன்னு போயிட்டாரு."

கூட யாரும் இருக்காகளா. மணியார்டர் வர இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அப்படியானால் வந்தது தாலுகா ஆபீஸ் ஆள்தான். எவனோ எழுதிப் போட்டிருக்கிறான். வாங்கின பணத்தையெல்லாம் திருப்பிக் கேட்பார்கள். சர்க்காரை ஏய்த்ததற்கு ஜெயிலில் போடுவார்கள். அன்று சோறு பொங்கவில்லை. விடிந்ததும் ஒரு சேலையைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு, ரோட்டை விட்டுக் காட்டுவழியாகவே வெம்பக்கோட்டைக்கு நடந்தாள்.

அங்கே அவள் தம்பி ஒச்சப்பன் வைப்பாற்றங்கரையில் அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தான். "தீவாளிக்கு அக்கா வந்திருக்கு" என்று அவனுக்குச் சந்தோசம். ராக்காயியோ, தெருவில் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். பட்டாசு லோடு ஏற்றிய லாரி போனால் போலீஸ் வண்டியோ என்று எட்டிப் பார்ப்பாள். ரெண்டு நாள் பார்த்துவிட்டு, தம்பி பெண்டாட்டி வள்ளித்தாய் ஞாயிற்றுக்கிழமை அவளை அடுப்படியில் உட்கார வைத்துக் கேட்டாள். ராக்காயி எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

வள்ளித்தாய் அடுப்பைத் தணித்தாள். பிறகு சொன்னாள்: "மேலத்தெரு நொண்டிக் கிழவருக்கும் இந்தப் பணம்தான் வருது. நேத்தே வாங்கிட்டாரு. தீவாளிக்கு முந்தியே குடுக்காகளாம். உங்களுக்கும் பணம்தான் வந்திருக்கும், போய்ப் பாருங்க."

"பணம் கொண்டு வந்தவன் கூட யாரு இருக்கான்னு எதுக்குக் கேக்கணும்?"

"பிடிக்கத்தான் வாராகன்னா இங்கன வர எம்புட்டு நேரமாகும்?" என்று கேட்டாள் வள்ளித்தாய்.

திங்கட்கிழமை காலையில் ராக்காயி புதுப்பட்டித் தபாலாபீசுக்குத் திரும்பி நடந்தாள். மறுநாள் தீபாவளி. கம்பெனிகள் எல்லாம் சீசன் முடிந்து பூட்டிக் கிடந்தன. தபாலாபீசில் நாலைந்து பேர் நின்றார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம், பார்த்தறியாத ஓர் ஆள், காக்கிச் சட்டையில். அவள் தூணோரமாகவே நின்றாள். கூட்டம் குறைந்தால் தன்னைப் பார்த்துவிடுவானே என்று பயம். கூட்டம் இருந்தால் எல்லோர் முன்னாலும் கேட்பானே என்றும் பயம்.

"யாரும்மா அது? என்ன வேணும்?"

"ராக்காயி" என்றாள்.

"ராக்காயியா? ரெண்டு தடவ அலைய விட்டீகளே ஆத்தா! கண்ணுச்சாமி அண்ணன் லீவு. அவருக்குப் பதிலா நான் வந்திருக்கேன், செல்லப்பாண்டி." அவன் மை டப்பாவைத் திறந்தான். "கூட யாரும் இருக்காகளா?"

அவள் வழியெல்லாம் இல்லை என்று சொல்லத்தான் பழகிக்கொண்டு வந்திருந்தாள். வாய் வேறு சொன்னது. "இருக்கான்யா. ஒரு மகன் இருக்கான். கருத்தப்பாண்டின்னு பேரு. பம்பாய்ல இருக்கானோ எங்க இருக்கானோ. செத்துட்டான்னு நாந்தான் பொய் சொன்னேன்."

நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். செல்லப்பாண்டி விழித்தான்.

"அதெல்லாம் எதுக்கு என்கிட்ட சொல்றீக? கைநாட்டுக்குச் சாட்சி போடணும். கையெழுத்துப் போடத் தெரிஞ்ச ஆளு யாரும் கூட வந்திருக்காகளான்னு கேட்டேன்."

வரிசையில் நின்ற ஒருவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேனாவை வாங்கிச் சாட்சி போட்டார்.

"தேதி ஆகலியேய்யா?" என்றாள் ராக்காயி.

"நாளைக்குத் தீவாளில்ல? அதான் மின்னாடியே அனுப்பிட்டாக. இன்னிக்கும் வராம இருந்திருந்தா திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்."

இருபது ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தபோதுதான் தான் செய்தது அவளுக்கு உறைத்தது. யாருமே கேட்காததை நாலைந்து பேர் காதில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

தீபாவளி கழித்து மூன்றாம் நாள் முன்சீப் ஆள் விட்டுக் கூப்பிட்டார். அவள் உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்.

"தபாலாபீஸ்ல என்ன உளறினே? மனுவுல கையெழுத்துப் போட்டது நானும்தான், தெரியுமா?"

"தெரியும்யா."

"அவன்கிட்ட இருந்து லெட்டர் ஏதும் வந்துச்சா?"

"இல்லய்யா."

"அப்ப அவன் இருக்கானா இல்லையான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதோட விடு. போ."

நவம்பர் ஏழாம் தேதி வந்தது, தபால்காரர் வரவில்லை. அந்த மாதப் பணம்தான் முன்பே கைக்கு வந்துவிட்டதே என்று பஞ்சம்மாள் எத்தனை தடவை சொன்னாலும் அவள் மனசு கேட்கவில்லை. நிறுத்திவிட்டார்கள் என்றே நம்பினாள். முன்னே வாங்கின பணம் ஐந்து வாரத்துக்குத் தாங்க வேண்டியிருந்தது. கஞ்சியில் கம்பைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினாள். டிசம்பர் ஏழாம் தேதி கண்ணுச்சாமி டீக்கடைக்காரரோடு வந்து நின்றபோது அவளால் விரலை நேராக நீட்ட முடியவில்லை.

"காய்ச்சலா ஆத்தா?" என்று அவரே விரலைப் பிடித்து அழுத்தினார்.

"லேசா இருக்கு" என்றாள்.

அதற்கப்புறம் நாலு வருடத்துக்கு மேல் பணம் நிற்காமல் வந்தது. யாரும் விசாரிக்க வரவில்லை. கருத்தப்பாண்டியும் வரவில்லை. 1969 தை மாதத்தில் ராக்காயி இறந்தாள். கொள்ளி வைத்தது ஒச்சப்பன்.